சான்றிதழுக்குப் பிறகு வரும் மூன்று மாதம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் அரசுத் திறன் பயிற்சி

வேலைவாய்ப்பு முகாமில் நிறுவனத்தின் சார்பில் வந்தவர் "மாதம் பதினேழாயிரம்" என்கிறார். பென்னாகரத்துப் பையன் வீட்டுக்குப் போன் போட்டு அதையே சொல்கிறான். வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வரும் நாளில் வங்கிக் குறுஞ்செய்தியில் 13,447 என்று இருக்கிறது. அவன் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறான், வீட்டில் அப்பாவும் அப்படியே நினைக்கிறார். ஆனால் கணக்கில் தப்பில்லை. முகாமில் சொன்னது நிறுவனம் அவனுக்காகச் செய்யும் மொத்தச் செலவு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் 12,000, இதரப் படிகள் 3,000, ஆக 15,000 என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் தன் பங்காக வருங்கால வைப்பு நிதிக்கு நிர்வாகக் கட்டணம், காப்பீட்டோடு சேர்த்து 13 சதவீதம், அதாவது 1,560 ரூபாய் கட்டுகிறது. தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ-க்கு 3.25 சதவீதம், 488 ரூபாய். கூட்டினால் 17,048. தொழிலாளி பக்கம் பிஎஃப் 12 சதவீதம், 1,440; இஎஸ்ஐ 0.75 சதவீதம், 113. இவ்விரண்டும் 15,000-லிருந்து போக மிச்சம் 13,447. இதற்குப் பிறகுதான் கேன்டீன், பஸ், விடுதிப் பிடித்தங்கள்.

இந்தக் கணக்கை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் காட்டியிருந்தால் அவன் கோபப்பட்டிருக்க மாட்டான். இஎஸ்ஐ அட்டையில் அப்பா அம்மாவுக்கும் மருத்துவம் உண்டு, பிஎஃப் தன் பெயரில் சேரும் பணம் என்று தெரிந்திருக்கும். 300 மணி நேரம், 400 மணி நேரம் நடக்கும் பயிற்சியில் இதற்கு அரை மணி நேரம் போதும். பெரும்பாலான இடங்களில் அந்த அரை மணி நேரம் கிடைப்பதில்லை. இரண்டாவது மாதம் அவன் ஊருக்குத் திரும்பிவிடுகிறான். பயிற்சி மையத்தின் பதிவேட்டில் மட்டும் அவன் இன்னும் வேலை பெற்றவன்.

அரசுத் திறன் பயிற்சியைப் பற்றிய விவாதங்கள் எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை பேருக்குச் சான்றிதழ் என்ற எண்ணிக்கையிலேயே சுற்றுகின்றன. வேலை நிலைப்பதும் நழுவுவதும் சான்றிதழ் கைக்கு வந்த பின் உள்ள 90 நாட்களில். அந்த 90 நாளுக்கு நம் திட்டங்களில் பணமும் குறைவு, பொறுப்பாளரும் இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

ஒரே நெடுஞ்சாலை, இரண்டு நிலைமை

சேலத்திலிருந்து 1965-இல் பிரிந்த தருமபுரி மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி கிருஷ்ணகிரி தனியானது. பிரிவினையில் ஓசூர் முழுதாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் போனது. அசோக் லேலண்ட், டிவிஎஸ் மோட்டார், டைட்டன் என்று எழுபது, எண்பதுகளில் வேர்விட்ட தொழிற்சாலைகள், அவற்றுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள், பின்னால் வந்த ஏத்தர், டாடா எலக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா எலக்ட்ரிக் எல்லாமே இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். தருமபுரிக்கு மிஞ்சியவை பாலக்கோடு தக்காளி, அரூர் மலையடிவாரம், பட்டுக்கூடு, வெளியூர் போகும் பஸ். 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 சதவீதம், மாநிலத்திலேயே கடைசி. கிருஷ்ணகிரி 71.46. மாநிலச் சராசரி 80.09. நல்லம்பள்ளிப் பக்கம் வரும் தருமபுரி சிப்காட் தொழிற்பேட்டை முழுதாக நிற்கும் வரை, தருமபுரி இளைஞனுக்குப் பயிற்சி என்றால் வேறு மாவட்டத்து வேலைக்கான பயிற்சி என்றே பொருள்.

இதனால் இங்கே தூரமும் திறன் பயிற்சியின் ஒரு பகுதி. தருமபுரியிலிருந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ரயில் பாதை உண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே இல்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகள் ஓசூர் காலை ஷிப்ட்டுக்குத் தினம் போய்த் திரும்ப வழியில்லை, தங்கித்தான் ஆகவேண்டும். தங்குவது என்றவுடன் முன்பணம், பாத்திரம், பாய், முதல் மாதச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து வந்துவிடும். பயிற்சியின் பாடத்திட்டத்தில் இவற்றுக்கு இடமே இல்லை.

எந்தக் கதவு யாருக்கு

ஐடிஐ என்று எல்லாரும் சொல்லும் தொழிற்பயிற்சி நிலையம்தான் பழையதும் உறுதியானதும். 1950-இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டம் அது. ஃபிட்டர், டர்னர், எலக்ட்ரீஷியன் இரண்டு ஆண்டு, வெல்டர் ஓராண்டு. அரசு ஐடிஐ-யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கூடுதலாக. 2022-இல் டாடா டெக்னாலஜிஸோடு 71 அரசு ஐடிஐ-களை 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 மையங்களாக மேம்படுத்த ஒப்பந்தமானது. ரோபாட், கணினி இயக்கும் நவீன சிஎன்சி எந்திரம், மின்வாகன மெக்கானிக் பிரிவுகள் வந்தது அதன் வழியாகத்தான்.

இன்னொரு பக்கம் குறுகிய காலப் பயிற்சிகள். 2015 ஜூலையில் தொடங்கிய பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டம், கிராமப்புற ஏழைக் குடும்பங்களுக்கென 2014-இல் வந்த டிடியு-ஜிகேஒய் (மாவட்டத்தில் இதைப் பார்த்துக்கொள்வது மகளிர் திட்ட அலுவலகம்), மாநிலத்தின் திறன் மேம்பாட்டுக் கழகம் நடத்தும் வகுப்புகள். 2022 மார்ச் 1-இல் தொடங்கிய நான் முதல்வன் முக்கியமாகக் கல்லூரி மாணவர்களுக்கானது. பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு அதனால் கிடைப்பதும் பத்தாவதோடு நின்ற பிள்ளைக்குக் கிடைப்பதும் வேறுவேறு. சுயதொழில் என்றால் இந்தியன் வங்கியின் ஊரக சுயதொழில் பயிற்சி நிலையம் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம்.

2023-24 பொருளாதார ஆய்வறிக்கையின்படி, நாட்டின் 15 முதல் 29 வயது இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர் 4.4 சதவீதம். முறைசாரா வழியில், அதாவது பட்டறையில் அண்ணனிடமோ மேஸ்திரியிடமோ கற்றவர் 16.6 சதவீதம். பத்தாண்டுக்கு மேல் இத்தனை திட்டங்கள் ஓடியும் பட்டறையே அரசை விடப் பெரிய பள்ளிக்கூடமாக இருக்கிறது. இது பட்டறைக்குப் பெருமை. அரசு அதனிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: அங்கே கற்பதும் வேலை செய்வதும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம்.

பணம் எதன் பின்னால் ஓடுகிறது

குறுகிய காலப் பயிற்சி ஏன் இப்படி நடக்கிறது என்று புரிய, மையத்துக்குப் பணம் வரும் விதத்தைப் பார்க்க வேண்டும். 2015-இல் மத்திய அரசு எல்லாத் திட்டங்களுக்கும் பொது நெறிமுறை வகுத்தது. உற்பத்தித் தொழில்களுக்கு, ஒரு மாணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு 38.50 ரூபாய். பின்னால் விகிதங்கள் உயர்ந்தன, ஆனால் அடிப்படை அமைப்பைப் புரிந்துகொள்ள அந்த முதல் கணக்கே போதும். 30 பேர், 400 மணி நேரம் என்றால் 4,62,000 ரூபாய். வகுப்பு தொடங்கும்போது 30 சதவீதம், 1,38,600. தேர்ச்சியும் சான்றிதழும் ஆனபின் 50 சதவீதம், 2,31,000. வேலையில் அமர்ந்தது உறுதியானால் 20 சதவீதம், 92,400.

இதில் 80 சதவீதம் வேலை கிடைக்கும் முன்பே வந்துவிடும். வாடகை, பயிற்றுநர் சம்பளம், கருவி, மின்சாரம் போக மையத்துக்கு மிஞ்சும் லாபம் அந்த 80-க்குள்ளேயே அடங்கிவிட்டால், கடைசி 20-க்காக ஓசூருக்கும் ஊருக்கும் அலைந்து, பையன் விடுதியில் சாப்பிட்டானா, சூபர்வைசர் திட்டினாரா என்று கேட்க ஆள் வைப்பதில் லாபம் இல்லை. நடத்துபவர் நல்லவரா கெட்டவரா என்பது பெரிதல்ல, கணக்கு அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது. அவருக்கு லாபம் தருவது 30 பெயரைச் சேர்ப்பதும் அவர்களின் கைரேகை வருகையைக் கடைசி நாள் வரை காப்பதும். மாங்காய் சீசனிலோ, எருது விடும் விழா நடக்கும் தை மாதத்திலோ வருகை குறைந்தால் மையம் பதறுகிறது. வேலையில் சேர்ந்தவன் 40-வது நாள் காணாமல் போனால் அப்படிப் பதறுவதில்லை.

தேர்வு நடத்துவதிலும் சிக்கல் இருந்தது. 2016-இல் சாரதா பிரசாத் குழு, துறைவாரித் திறன் கவுன்சில்களின் முரண்பட்ட நலன்களைக் கடுமையாக விமர்சித்தது. தரத்தை எழுதுபவரே தேர்வையும் நடத்திச் சான்றிதழும் கொடுத்தால், தோல்விகளின் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். தொழிற்கல்விக்கான தேசிய ஒழுங்குமுறை கவுன்சில் வந்தது அதற்குப் பிறகுதான். 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, கௌசல் விகாஸ் திட்டப் பதிவுகளில் மிகப் பெரும்பாலோரின் வங்கிக் கணக்கு விவரம் வெறுமையாகவோ பொருளற்ற எண்களாகவோ இருந்ததைக் காட்டியது. சம்பளம் வருகிறதா என்று பின்தொடர நினைத்திருந்தால் முதலில் சரிபார்த்திருக்க வேண்டியது அந்த எண்ணைத்தான்.

பட்டறைக்குள்

வெல்டிங் வகுப்பை எடுத்துக்கொள்வோம், அதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும். 3.15 மி.மீ. எலெக்ட்ரோடு, அதாவது வெல்டிங் ராடு ஒன்று ஒரு நிமிடத்துக்குச் சற்றுமேல் எரிந்து முடியும். கை பழக ஒருவருக்கு நாளுக்குப் பத்து ராடாவது வேண்டும். 30 பேருக்கு 300 ராடு, ஏறக்குறைய ஒன்பது கிலோ. 60 நாள் செய்முறை என்றால் 540 கிலோ. கிலோ நூறு ரூபாய் என்றே வைத்தாலும் 54,000. இதில் இரும்புத் தகடும் மின்சாரமும் சேரவில்லை. மேலே சொன்ன 4,62,000-இல் இதை ஒதுக்க மனமில்லாத மையத்தில் என்ன நடக்கும்? பயிற்றுநர் ஒரு ராடு எரிப்பார், முப்பது பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். 90-லிருந்து 130 ஆம்பியருக்குள் எங்கே வைத்தால் ராடு ஒட்டிக்கொள்கிறது, எங்கே வைத்தால் ஓரம் தின்றுவிடுகிறது என்பது பார்த்து வருவதில்லை. மணிக்கட்டு ஆயிரம் முறை செய்து தெரிந்துகொள்வது அது.

இன்னொரு தவறும் இங்கே நடக்கிறது. ஓசூர் வாகனப் பட்டறைகளில் பெரும்பகுதி வேலை கார்பன் டை ஆக்சைடு வெல்டிங். அங்கே கம்பி தானாக ஓடும், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர் வாயு போகவேண்டும், மின்விசிறிக் காற்று பட்டால் வாயுக் கவசம் கலைந்து பற்றவைப்புக்குள் ஓட்டை விழும். ராடு வெல்டிங் மட்டும் தெரிந்து போகிறவர் முதல் வாரத்திலேயே அந்த ஓட்டையைப் போட்டுவிடுவார். சூபர்வைசர் பார்வையில் அது பயிற்சி இல்லாத ஆள் செய்யும் தவறு. சான்றிதழில் 'வெல்டர்' என்று இருக்கிறது, ஆனால் எந்த வெல்டிங் என்பது இல்லை.

சிஎன்சி-யிலும் இதே கதைதான், அளவு மட்டும் நுட்பம். வெர்னியரின் மிகச்சிறு அளவு 0.02 மி.மீ., மைக்ரோமீட்டருக்கு 0.01. நேர்காணலில் ஒரு துண்டைக் கையில் கொடுத்து அளக்கச் சொல்வார்கள். முதலில் தாடைகளை மூடிப் பூச்சியப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிறவனா என்பதிலேயே பாதி முடிவாகிவிடும். அடுத்தது ஆஃப்செட், அதாவது மெஷினில் பதியும் அளவுத் திருத்தம். வரைபடத்தில் 25.00, கடைந்து வந்தது 25.04 என்றால் எக்ஸ் அச்சின் ஆஃப்செட்டில் 0.04-ஐக் கழிக்க வேண்டும். கழிப்பதற்குப் பதில் கூட்டினால் அடுத்த துண்டு 25.08. விட்டம் கணக்கில் ஓடும் மெஷினில் ஆரம் என்று நினைத்துப் பாதியை மட்டும் போட்டால் அளவு வரவே வராது. இந்த இரண்டும் தெரிந்தவன் லோடிங் வேலையிலிருந்து மெஷினை அமைத்துத் தரும் செட்டர் வேலைக்கு நகர்வான். தெரியாதவன் ஐந்தாண்டு கழித்தும் துண்டை எடுத்து வைத்துக்கொண்டே இருப்பான். இந்த வித்தியாசத்தைக் கற்க மெஷின் முன்னால் தனியாக நிற்கும் நேரம் வேண்டும். ஒரு மெஷினுக்கு 30 பேர், நாளுக்கு நான்கு மணி நேரச் செய்முறை என்றால் ஒருவருக்கு எட்டு நிமிடம்.

மொழி இன்னொரு தடை. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதோ பேசும் பிள்ளைகள் ஏராளம். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில், அல்லது பட்டறையில் யாரும் பேசாத தமிழாக்கத்தில். நன்றாக வேலை தெரிந்த பையன் எழுத்துத் தேர்வில் சறுக்குவது இதனால்தான். பட்டறையில் 'ஜாப்', 'டூல்', 'பர்' என்று சொல்வதை வினாத்தாளிலும் அப்படியே தமிழெழுத்தில் எழுதுவதில் என்ன குறைந்துவிடும்?

முதல் மாதச் சம்பளம் வரும் வரை

மூன்றாம் தேதி வேலைக்குச் சேர்கிறவருக்குச் சம்பளம் அடுத்த மாதம் ஏழாம் தேதிவாக்கில். சட்டமே அதைத்தான் சொல்கிறது. 35 நாள் கைக்காசில் வாழவேண்டும். கூலி வேலைக்கு வாரச் சம்பளமோ தினக்கூலியோ வாங்கிப் பழகிய வீட்டுக்கு இது புரியாத கணக்கு, அந்தப் பணத்தைக் கடன் வாங்கித்தான் அனுப்புவார்கள். நின்றுகொண்டே எட்டு மணி நேரம், இரவு ஷிப்ட், புது ஊர்ச் சாப்பாடு எல்லாம் சேர்ந்து மூன்றாவது வாரத்தில் உடம்பு படுத்தும். அந்த நேரத்தில் பக்கத்து ஊர்ப் பையன் திருப்பூரிலிருந்தோ பெங்களூரு கட்டட வேலையிலிருந்தோ போன் போட்டு "வாடா, வாராவாரம் காசு" என்றால் கிளம்பிவிடுவான். அவனைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை, 35 நாளுக்கு அவனிடம் யாரும் பணம் கொடுக்கவில்லை. டிடியு-ஜிகேஒய் திட்டத்தில் வேலைக்குப் போன தொடக்க மாதங்களுக்கு உதவித்தொகை தரும் ஏற்பாடு உண்டு. அது வேலைக்குச் சேரும் நாளிலேயே கையில் இருந்தால்தான் பலன். பில் போட்டு, சரிபார்த்து, நான்காவது மாதம் வருகிற உதவி, போனவனைத் திருப்பிக் கூட்டிவராது.

ஆவணங்கள் இன்னொரு தலைவலி, இதைப் பயிற்சிக் காலத்திலேயே தீர்த்துவிடலாம். மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக என்று மூன்று விதம் இருந்தால் பிஎஃப் எண் உருவாகாது, சம்பளம் நிற்கும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் பழையதாகி ஓடிபி வராமல் போவது அதைவிடச் சாதாரணம். வங்கிக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது: முழு ஆவணம் கொடுக்காமல் திறந்த 'சிறு கணக்கு' என்றால் ஒரு நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு வைக்க முடியாது. மாதம் 13,447 வருகிறவருக்கு எட்டாவது மாதச் சம்பளத்தில் அந்த வரம்பு தாண்டிவிடும். பணம் ஏன் ஏறவில்லை என்று கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பயிற்சியின் முதல் வாரத்திலேயே ஆதார் சேவை மையத்துக்கும் வங்கிக்கும் மொத்த வகுப்பையும் அழைத்துப் போய்விட்டால் இதெல்லாம் வராது.

பெண்பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோரின் தயக்கம்தான் முதல் வாசல். எலக்ட்ரானிக்ஸ் ஆலைகள் பன்னிரண்டாவது முடித்த பெண்களை ஆயிரக்கணக்கில் எடுக்கின்றன. போச்சம்பள்ளி ஓலா ஆலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021-இல் அறிவித்தார்கள். இளவயதுத் திருமணம் அதிகம் பதிவாகும் இந்த இரண்டு மாவட்டத்திலும் அந்த வேலைகள் ஒரு பெண்ணுக்கு மூன்று நான்கு வருட அவகாசம் வாங்கித் தருகின்றன, அதன் மதிப்பை நான் சம்பளத்தை விடப் பெரிதாக வைப்பேன். ஆனால் விடுதியைப் பார்க்காமல் எந்த அம்மாவும் மகளை அனுப்பமாட்டாள். சேரும் முன் ஒரு நாள் பெற்றோரை பஸ்ஸில் கூட்டிப்போய் விடுதி, குளியலறை, வார்டன், இரவு ஷிப்ட் முடிந்து திரும்பும் வண்டி எல்லாவற்றையும் காட்டினால் பாதிப் பேச்சு அங்கேயே முடியும். 18 முதல் 25 வயது என்று வரம்பு போட்டு வரும் வேலைகள் அதிகம், 26 வயதில் அடுத்து என்ன என்ற கேள்விக்கு இதுவரை எந்தத் திட்டத்திலும் பதிலில்லை.

பழகுநர் பயிற்சி என்ற நல்ல வழி, அதன் ஓட்டைகள்

பட்டறையில் கற்பதையும் அரசுச் சான்றையும் ஒன்றாக இணைக்கும் ஏற்பாடு நமக்கு 1961 முதலே இருக்கிறது, தொழிற்பழகுநர் (அப்ரன்டிஸ்) சட்டம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநரை எடுத்தாக வேண்டும். 2019 விதிப்படி ஐடிஐ முடித்தவருக்குக் குறைந்தது மாதம் 7,000 ரூபாய். 2016-இல் வந்த தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. ஓராண்டு முடித்து அகில இந்தியத் தேர்வு எழுதினால் கிடைக்கும் தேசியப் பழகுநர் சான்றிதழுக்கு ரயில்வே, மின்சாரத் துறை, பொதுத்துறை நிறுவனங்களில் மதிப்புண்டு. ஐடிஐ முடித்த ஒருவர் 13,000 ரூபாய் ஒப்பந்த வேலைக்கும் 7,000 ரூபாய் பழகுநர் இடத்துக்கும் இடையே தடுமாறினால், வீட்டு நிலைமை தாங்குமானால் பழகுநர் இடத்தையே எடுக்கச் சொல்வேன். ஓராண்டில் கிடைக்காத 72,000 ரூபாயை அந்தச் சான்றும் பெரிய ஆலை அனுபவமும் சில வருடங்களில் ஈடுகட்டும்.

அதற்கு நிபந்தனை, அங்கே உண்மையில் கற்றுக்கொடுக்க வேண்டும். பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல, பிஎஃப், இஎஸ்ஐ கிடையாது. ஆகவே லைனில் மலிவான கையாகப் பழகுநரை நிறுத்தும் ஆசை எந்த நிறுவனத்துக்கும் வரும். 2013-இல் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொண்டுவந்த 'நீம்' பயிற்சியாளர் திட்டம் இந்தக் குற்றச்சாட்டுகளுக்கு நடுவேதான் பின்னர் கைவிடப்பட்டது. வாரம் ஒருமுறை வகுப்பு உண்டா, மெஷின் மாற்றி மாற்றித் தருகிறார்களா, ஒப்பந்தம் அரசின் பழகுநர் இணையதளத்தில் பதிவாகி அதன் எண் கையில் வந்ததா, இந்த மூன்றையும் சேரும் முன் கேட்க வேண்டும். எண் இல்லாமல் 'அப்ரன்டிஸ்' என்று வாயால் சொல்லி எடுத்தால் கடைசியில் தேர்வெழுத முடியாது, ஓராண்டு வீண்.

ஒப்பந்ததாரர் மூலம் சேர்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஓசூரில் வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை ஒன்று, சம்பளச் சீட்டில் இருக்கும் பெயர் வேறொன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் எல்லாருக்கும் நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அதில் யார் பெயர் முதலாளியாக இருக்கிறது என்று பாருங்கள்.

வெளியூர் போக முடியாதவர்கள் நிறைய, குறிப்பாகத் திருமணமான பெண்களும் நிலம் வைத்திருப்பவர்களும். அவர்களுக்கு ஊரக சுயதொழில் நிலையம் சரியான இடம். ஆனால் தொழில் தேர்வில் இங்கே ஒரு பழக்கம் ஊறிப்போய்விட்டது: பெண்கள் என்றால் தையல், ஆண்கள் என்றால் கைபேசி பழுதுநீக்கம். ஒரே ஊராட்சியில் பத்துத் தையல்காரர் வந்தால் யாருக்கும் துணி வராது. ஆயிரம் அடிக்கு போர் போட்ட இந்த வறண்ட மாவட்டங்களில் நீர்மூழ்கி மோட்டார் எரிந்தால் காயில் சுற்ற டவுனுக்கு எடுத்துப் போகிறார்கள், பயிர் மூன்று நாள் காய்கிறது. சொட்டுநீர்க் குழாயில் உப்பு அடைத்தால் அமிலம் விட்டுக் கழுவத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. காவேரிப்பட்டணம், பர்கூர்ப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்குச் சீசனில் பாய்லரும் குளிர்பதன எந்திரமும் பார்க்கத் தெரிந்தவர்கள் வேண்டும். தேவை எது என்பதை மாவட்ட அலுவலகக் கோப்பில் தேடுவதை விட, மோட்டார் கடையில் ஒரு நாள் உட்கார்ந்து எத்தனை வண்டி வருகிறது என்று எண்ணினாலே தெரிந்துவிடும்.

சேர நினைப்பவர் மையத்துக்குப் போனால் நேராகச் செய்முறை அறைக்குப் போங்கள். மெஷின் எத்தனை, வகுப்பில் ஆள் எத்தனை என்று எண்ணுங்கள். போன வகுப்பில் வேலைக்குச் சேர்ந்த மூன்று பேரின் தொடர்பு கேளுங்கள், அவர்களின் நான்காவது மாதச் சம்பளச் சீட்டைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கும் இடத்தில் நேரத்தைப் போடாதீர்கள்.

மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகம் செய்யக்கூடியதும் அதிகச் செலவில்லாதது. வேலையில் சேர்த்துவிட்ட ஒவ்வொருவருக்கும் 10-வது நாள், 35-வது நாள், 90-வது நாள் ஒரு போன். பத்தாவது நாளில் விடுதியும் சாப்பாடும், முப்பத்தைந்தில் சம்பளம் ஏறியதா, பிடித்தம் புரிந்ததா, தொண்ணூறில் பிஎஃப் கணக்கில் எத்தனை மாதம் விழுந்திருக்கிறது. கடைசிக் கேள்விக்கான பதிலை பிஎஃப் பதிவிலேயே பார்த்துவிடலாம், யாரும் இட்டுக்கட்ட முடியாது. மையத்துக்கான கடைசித் தவணையை நியமனக் கடிதத்தின் நகலுக்குப் பதில் அந்தப் பதிவோடு கட்டினால், பையன் 40-வது நாள் காணாமல் போகும்போது தேட ஒரு ஆள் இருப்பார்.